மலை ஸ்கெட்ச்சுகளும் வாட்டர்கலர்களும்: மியூசியத் தாள்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தடவை பார்த்த மலை ஓவியம் இந்தத் தடவை சுவரில் இல்லையே, ஏன்?

முதலில் வருகிற கேள்வி இதுதான். பெரும்பாலும் கொஞ்சம் எரிச்சலோடு வரும், அதில் நியாயமும் உண்டு. தூரத்திலிருந்து கிளம்பி வந்து பார்த்தால் அந்த இடத்தில் வேறு ஏதோ மாட்டியிருக்கும்.

காரணம் வெளிச்சம். எண்ணெய் ஓவியத்தில் நிறமி காய்ந்த எண்ணெய்க்குள் புதைந்திருக்கும், அதற்கு மேல் வார்னிஷும் இருக்கும். வாட்டர்கலரில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கொஞ்சம் பிசினில் கரைத்த நிறமி, காகித இழைகளின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒளி பட்டால் மங்கும். மங்கியது திரும்பி வராது. இருட்டில் வைத்து 'ஓய்வு' கொடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஓய்வு மேற்கொண்டு சேதம் வராமல் தடுக்கும், வந்த சேதத்தை ஆற்றாது.

அதனால் பெரும்பாலான மியூசியங்கள் இந்தத் தாள்களை 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சத்தில், சில மாதங்கள் மட்டும் மாட்டி வைக்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 400 லக்ஸ்-மணி. 90 நாள் காட்சிக்கு 36,000. உச்சி வெயில் 50,000 லக்ஸைச் சுலபமாகத் தாண்டும். அதாவது மூன்று மாதக் காட்சியின் ஒளி முழுவதையும் வெயில் முக்கால் மணி நேரத்தில் கொட்டிவிடும். உள்ளே நுழைந்ததும் "என்ன இவ்வளவு இருட்டு" என்று தோன்றும். இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். பெரும்பாலானோர் அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுப்பதில்லை.

இந்த எச்சரிக்கை நேற்று வந்ததும் இல்லை. ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர் தம்மிடமிருந்த, ஆங்கில ஓவியர் டர்னரின் வாட்டர்கலர்களில் 38-ஐ எடின்பரோவுக்கும் 31-ஐ டப்ளினுக்கும் எழுதிவைத்தார். 1900-இல் அவை அந்த நகரங்களின் தேசியக் கலைக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு நிபந்தனை: ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரி மாதத்தில் மட்டும், கட்டணம் வாங்காமல் காட்ட வேண்டும். ஐரோப்பாவின் வடக்கில் சூரியன் மிகவும் சோம்பிக் கிடக்கும் மாதம் அது. மின்விளக்குக்கும் லக்ஸ் மீட்டருக்கும் முன்னால் இதைவிட நல்ல ஒளிக் கட்டுப்பாடு கிடையாது. இரண்டு கலைக்கூடங்களும் இன்றும் ஜனவரி வழக்கத்தைத் தொடர்கின்றன. 2025-இல், டர்னர் பிறந்த 250-ஆம் ஆண்டு என்பதால், தங்கள் தொகுப்புகளை ஒரு மாதத்துக்கு மாற்றிக்கொண்டன.

ஒரு ஓவியம் மங்கியிருக்கிறதா என்று நான் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். பார்க்கத் தெரிந்துவிட்டால் பிறகு எங்கே போனாலும் கண் அதைத்தான் தேடும், அந்தத் தொல்லைக்கும் தயாராக இருங்கள்.

முதலில் மேகத்தைப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மேகத்தின் சாம்பல் நிறத்துக்கு அவுரி நீலத்தையும் ஒரு செம்மண் நிறத்தையும் கலப்பது வழக்கம். அவுரி ஒளியில் மங்கும். செம்மண் இரும்பு ஆக்சைடு, அது அசையாது. நூறாண்டு போனால் நீலம் காணாமல் போய், சிவப்பு மட்டும் மிஞ்சும். மழை மேகமாக வரைந்தது அந்தி வானமாக நம் முன் நிற்கும். சிகரத்தின் மேல் 'அழகான ரோஜா நிற மாலை' என்று நாம் மயங்குவது சில சமயம் வேதியியல் விபத்து.

அடுத்து ஓரம். ஓவியத்தைச் சுற்றிச் சட்டத்துக்குள் வைக்கும் மவுண்ட் அட்டையின் விளிம்புக்கடியில் மறைந்திருந்த பகுதியில் பழைய நிறம் அப்படியே இருக்கும். ஓவியத்தைச் சட்டத்திலிருந்து எடுக்கும்போது அந்தக் குறுகிய பட்டையில் ஆழ்ந்த நீலம் தெரியும், பக்கத்திலேயே வெளுத்த வானம். நான் சொல்லும் எந்த விளக்கத்தையும் விட அந்த அரை அங்குலம் அதிகம் சொல்லும்.

இதைப் பற்றி 1886-இல் இங்கிலாந்துப் பத்திரிகையில் பெரிய சண்டையே நடந்தது. வாட்டர்கலர் மங்கும் என்று ஒரு தரப்பு, நல்ல வண்ணம் மங்காது என்று இன்னொரு தரப்பு. அப்புறம் வால்டர் ரஸ்ஸல், வில்லியம் ஆப்னி என்ற இரு அறிவியலாளர்கள் நிறமிகளை ஒவ்வொன்றாக ஒளியில் வைத்துச் சோதித்து 1888-இல் அறிக்கை கொடுத்தார்கள். பல நிறமிகள் மங்கத்தான் செய்தன.

சுவரில் இல்லையென்றால் பார்க்க வழியே இல்லையா?

இருக்கிறது. சுவரில் பார்ப்பதைவிட நல்ல வழி அது, ஆனால் அதிகம் பேருக்குத் தெரியாது.

காகித ஓவியங்கள் வைத்திருக்கும் பெரிய மியூசியங்கள் பலவற்றில் ஒரு படிப்பறை உண்டு. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், டேட் கலைக்கூடம், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் மூன்றிலும் இருக்கிறது. முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கிக்கொண்டு போனால், நீங்கள் கேட்ட தாளைப் பெட்டியிலிருந்து எடுத்து உங்கள் முன்னால் வைப்பார்கள். ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை. "பார்க்க ஆசையாக இருக்கிறது" என்பது போதுமான காரணம்.

தயாரிப்பு அதிகம் வேண்டாம். இணையப் பட்டியலில் தேடி, தாளின் சேர்க்கை எண்ணை (மியூசியம் ஒவ்வொரு பொருளுக்கும் கொடுக்கும் எண்) குறித்துக்கொள்ளுங்கள். "டர்னரின் ஆல்ப்ஸ் படங்கள்" என்று மட்டும் கேட்டால் எதிரில் இருப்பவர் பெருமூச்சு விடுவார். டேட்டில் இருக்கும் டர்னர் தாள்கள் மட்டும் 30,000-க்கு மேல். பேனா கூடாது, பென்சில் மட்டும். கை சுத்தமாக இருக்க வேண்டும். பையை வெளியே வைத்துவிட வேண்டும். தாளுக்கு மேலே குனிந்து பேசக் கூடாது, எச்சில் தெறிக்கும்.

அங்கே கிடைக்கும் வசதி, தாளைக் கண்ணாடி இல்லாமல் பார்ப்பது. மேசை விளக்கின் ஒளி பக்கவாட்டில் விழும்போது பென்சில் அழுத்திய பள்ளம், தண்ணீர் தேங்கி உலர்ந்த விளிம்பு, விரல் ரேகை எல்லாம் தெரியும்.

லேபிளில் 'பென்சில், வாட்டர்கலர், குவாஷ்' என்று இருக்கிறது. என்ன வித்தியாசம்?

பென்சில் தெரிந்ததுதான். வாட்டர்கலர் என்றால் ஒளி ஊடுருவும் வண்ணம், கீழே காகிதத்தின் வெண்மை தெரியும். குவாஷ் என்றால் வெள்ளை கலந்த, அடியில் இருப்பதை மறைக்கும் வண்ணம். 'வாஷ்' என்று போட்டிருந்தால் நீர்த்த நிறத்தை அகலமாகப் பரப்பியது. ஸ்கெட்ச், ஸ்டடி, முடிந்த ஓவியம் என்ற பாகுபாடு அவ்வளவு கறாரானது இல்லை. பல நேரம் பிற்காலத்தில் யாரோ பட்டியலுக்காக எழுதிய பெயர்தான் அது.

இவற்றை மலை முன்னால் உட்கார்ந்தே வரைந்தார்களா?

கோடுகளை அங்கே போட்டார்கள். வண்ணம் பெரும்பாலும் அறைக்கு வந்த பிறகு.

நடைமுறையை யோசித்தால் புரியும். காற்று தாளைப் பிடுங்கும், விரல் விறைக்கும், ஈரம் காயாது, வழிகாட்டி அவசரப்படுத்துவார். வெளியில் வண்ணம் பூசுகிற நேரத்தில் 15, 16 பென்சில் ஸ்கெட்ச் போட்டுவிடலாம் என்று டர்னர் சொன்னதாக, 1819-இல் நேப்பிள்ஸில் அவரைப் பார்த்த ஒருவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். டர்னரின் ஸ்கெட்ச் புத்தகங்களைப் புரட்டினால் அது சரி என்று தெரியும். சின்னச் சின்னப் பக்கங்கள், வேகமான கோடுகள், நடந்துகொண்டே போட்டதுபோல.

நிறத்தை நினைவில் வைக்க எழுதிக்கொண்டார்கள். ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தவர். பென்சில் கோடுகளுக்கு நடுவிலேயே இங்கே என்ன நிறம், இங்கே என்ன செடி என்று குறிப்பு, தேதி, சில நேரம் மணி வரைக்கும். பிறகு அறையில் உட்கார்ந்து அந்தக் குறிப்புகளின் மேல் மை போட்டு, வண்ணம் தீட்டுவார். பாறைகள் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை வேண்டுமென்றே 'rox' என்று உச்சரிப்பு வழியில், மூன்றே எழுத்தில் தப்பாக எழுதிவைக்கும் குறும்பும் உண்டு. 1874 ஜனவரியில் டார்ஜிலிங் போய்க் காஞ்சன்ஜங்காவை வரைந்தார். அந்தத் தாள்களிலிருந்து வந்த பெரிய எண்ணெய் ஓவியங்களில் ஒன்று, 1879-இல் வரைந்தது, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலை மையத்தில் இருக்கிறது.

இந்த வழிமுறையின் உச்சம் அண்டார்டிகாவில். தென் துருவப் பயணி ஸ்காட்டின் குழுவில் இருந்த மருத்துவர் எட்வர்ட் வில்சன், தண்ணீரே உறைந்துவிடும் இடத்தில் வாட்டர்கலர் எப்படிப் போடுவார்? வெளியே பென்சிலால் வரைந்து நிறங்களின் பெயரை எழுதிக்கொண்டார். குடிலுக்கு வந்து, விளக்கொளியில், நினைவிலிருந்து வண்ணம் தீட்டினார். அப்படிப் பார்த்தால் அந்த நீலமும் ஊதாவும் ஒருவிதத்தில் சொற்களிலிருந்து திரும்பி வந்த நிறங்கள்.

அந்த மலை உண்மையிலேயே அப்படித்தான் இருக்குமா?

கோபப்படாதீர்கள், பெரும்பாலும் இருக்காது.

இதற்கு நல்ல சாட்சி ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின். அவருக்காக டர்னர் 1843-இல் சுவிட்சர்லாந்தின் ஃபைடோ கணவாயை வாட்டர்கலரில் வரைந்தார். அது இப்போது நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. ரஸ்கின் 1845-இல் அந்த இடத்துக்கே போய், அதே கோணத்தில் நின்று, தாமே வரைந்து ஒப்பிட்டார். நேரில் இருந்த மலை ஓவியத்தில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. டர்னர் பாறைகளை உயர்த்தியிருந்தார், பொருள்களை இடம் மாற்றியிருந்தார். நம்மில் பலர் இதை ஏமாற்று என்று சொல்லி முடித்திருப்போம். ரஸ்கின் வேறு முடிவுக்கு வந்தார். அந்த இடத்துக்கு வருகிறவர் குறுகிய பெரிய பள்ளத்தாக்குகளைக் கடந்துதான் வருகிறார், அந்த அச்சம் மனத்தில் இருக்கும்போதே இதைப் பார்க்கிறார், டர்னர் வரைந்தது அந்த மனப்பதிவை என்றார்.

நான் ரஸ்கின் அளவுக்குத் தாராளம் இல்லை. சில ஓவியர்கள் விற்பனைக்காகவே சிகரத்தைக் கூராக்கினார்கள். ஆனால் மலை முன்னால் நின்று கைப்பேசியில் படம் எடுத்திருந்தால் உங்களுக்கும் தெரியும், கண் பெரிதாகப் பார்த்த சிகரம் படத்தில் மேடு மாதிரி சுருங்கிவிடும். கண் கவனிக்கும் இடத்தைப் பெரிதாக உணர்கிறது. கை அதைத்தான் பின்பற்றுகிறது.

பனியை எப்படி இவ்வளவு வெள்ளையாக வரைந்தார்கள்?

பெரும்பாலும் வரையவே இல்லை. அந்த இடத்தைத் தொடாமல் விட்டார்கள். நீங்கள் பார்க்கும் பனி, காகிதம்.

அதனால்தான் நல்ல காகிதம் இந்தக் கலைக்கு உயிர். 1750-களில் ஜேம்ஸ் வாட்மன் ஆலையில் கோடு விழாத, வழவழப்பான தாள் வந்தது. அதற்கு முன்பிருந்த தாளில் சல்லடைக் கம்பிகளின் வரி தெரியும், வாஷ் அந்த வரிகளில் தேங்கும். ஓவியர் மறந்துபோய்ப் பனியின் மேல் நிறம் போட்டுவிட்டால் கத்தி நுனியால் சுரண்டுவார், ஈரத் துணியால் ஒற்றி எடுப்பார். அருவியின் தெறிப்பெல்லாம் பல நேரம் சுரண்டல்தான். பக்கவாட்டு ஒளியில் தாள் பிசிறு பிசிறாக நிற்பது தெரியும்.

வெள்ளை வண்ணம் பூசியவர்களும் உண்டு, அதில் ஒரு சிக்கல். பழைய வெள்ளை, ஈய வெள்ளை. நிலக்கரிப் புகை நிறைந்த நகரக் காற்றில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து அது கறுக்கும். விளைவு, கறுப்புப் பனி மூடிய சிகரம்! பாதுகாப்பு வல்லுநர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு அந்தக் கறுப்பை மறுபடி வெள்ளைச் சேர்மமாக மாற்றுவார்கள். 1834-இல் வின்சர் அண்ட் நியூட்டன் துத்தநாக வெள்ளையை விற்கத் தொடங்கிய பிறகு இந்தத் தலைவலி குறைந்தது.

தூரத்து மலை நீலமாக இருப்பது ஓவியரின் கற்பனை இல்லை. இடையில் இருக்கும் காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிக்கிறது. மலை தூரம் போகப் போக அந்தக் காற்று ஒரு திரைபோல அடர்த்தியாகிறது.

மலையை மட்டும் வரையும் வழக்கம் எப்போது தொடங்கியது?

ஐரோப்பாவில் ஆரம்பக் காலத்து நல்ல உதாரணம் ஜெர்மன் ஓவியர் ட்யூரர். 1494-95-இல் இத்தாலிக்குப் போய்வந்த வழியில் ஆல்ப்ஸை வாட்டர்கலரில் வரைந்தார். அவற்றில் ஒன்று ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் மியூசியத்தில் இருக்கிறது, இன்னொன்று பாரிஸ் லூவ்ரில். சீனாவில் மலையையும் நீரையும் மையால் வரையும் மரபு அதைவிடப் பல நூறாண்டு மூத்தது, அதற்குத் தனியாகவே ஒரு பக்கம் எழுத வேண்டும். 1780 வாக்கில் ரீவ்ஸ் நிறுவனம் கட்டி வண்ணங்களைக் கொண்டுவந்த பிறகு பயணம் போகிற எல்லோர் பையிலும் ஒரு வண்ணப்பெட்டி ஏறியது.

அழகு தவிர வேறு பயன் உண்டா?

பனியாறு ஆராய்கிறவர்களைக் கேளுங்கள். சாமுவேல் பிர்மன் என்ற சுவிஸ் ஓவியர் 1823-இல் ஆல்ப்ஸின் மோன் பிளாங்க் சிகரத்துக்குப் பக்கத்து மெர் த கிளாஸ் பனியாற்றை வரைந்தார். அப்போது அதன் முனை பள்ளத்தாக்கில் குடியிருப்புகளுக்கு அருகில் வந்து நின்றது. இன்று 2 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. பிர்மன் பாறை விளிம்புகளைத் துல்லியமாக வரைந்தவர். அதனால் பாஸல் மியூசியத்தில் இருக்கும் அவருடைய தாள்களை நிலப்படத்தோடு பொருத்தி, பனி அன்று எந்த உயரத்தில் இருந்தது என்று கணக்கிட முடிந்திருக்கிறது. கேமரா அந்த மலைக்கு வருவதற்கு முந்தைய தரவு அது. டர்னரை வைத்து இந்த வேலை செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்க ஓவியர் தாமஸ் மோரன் 1871-இல் ஹேடன் ஆய்வுக் குழுவோடு யெல்லோஸ்டோன் போனார். வில்லியம் ஹென்றி ஜாக்சன் எடுத்த புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை. வெந்நீர் ஊற்றுகளின் மஞ்சளையும் செம்பழுப்பையும் வாஷிங்டனில் இருந்தவர்களுக்குக் காட்டியவை மோரனின் வாட்டர்கலர்கள். 1872 மார்ச் 1-இல் அது தேசியப் பூங்காவாகச் சட்டமானது. ஓவியத்தால் மட்டுமே அது நடந்தது என்று சொல்வது மிகை. ரயில் கம்பெனி அக்கறையும் அதில் இருந்தது.

கையெழுத்தே இல்லாத தாளை யார் வரைந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

தயங்கித் தயங்கித்தான். முதல் தடயம் நீர்க்குறி, அதாவது தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் ஆலையின் அடையாளம். 1794-க்குப் பிந்தைய ஆங்கிலத் தாள்களில் ஆண்டும் இருப்பது வழக்கம். தாள் பிறப்பதற்கு முன்னால் ஓவியம் பிறந்திருக்க முடியாது, அந்த மட்டில் உறுதி.

அதற்கு மேல் குழப்பம்தான். 1776-இல் முதன்முதலாக ஆல்ப்ஸ் போன ஜான் ராபர்ட் கோசன்ஸ், வாழ்வின் கடைசி ஆண்டுகளில் மனநலம் குன்றி மருத்துவர் தாமஸ் மன்ரோவின் கவனிப்பில் இருந்தார். அதே மன்ரோ வீட்டுக்கு மாலை நேரங்களில் இரண்டு இளைஞர்கள் வந்து கோசன்ஸின் படங்களை நகலெடுத்தார்கள். கெர்ட்டின் கோடு போட, டர்னர் வாஷ் பூசுவார். அப்படியானால் அந்தத் தாள் யாருடையது? மலையைப் பார்த்தவர் ஒருவர், கோடு இன்னொருவர், நிறம் மூன்றாமவர். மியூசியங்கள் இரண்டு பேர் பெயரையும் போட்டு, கோசன்ஸைப் பின்பற்றியது என்று எழுதி வைக்கின்றன.

பாதியில் விட்டதுபோல் இருக்கும் படத்தை ஏன் காட்சிக்கு வைக்கிறார்கள்?

பிரெஞ்சு ஓவியர் செசானின் செயிண்ட் விக்டோயர் மலை வாட்டர்கலர்களைப் பற்றித்தான் இது அதிகம் கேட்கப்படுகிறது. தாளில் பாதிக்கு மேல் வெறுமையாக இருக்கும். ஆனால் ஒரு பட்டை நீலம் சேர்த்தால் சாய்ந்துவிடும் என்ற இடத்தில் நிறுத்தியிருக்கிறார். ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்றடி பின்னால் போய் ஒருமுறை பாருங்கள், அதன் பிறகும் பாதியில் விட்டது என்று தோன்றினால் சரி.

ஒரு தாளுக்கு இவ்வளவு விலையா?

டர்னரின் 'நீல ரிகி' 1842-இல் வரைந்த ஒற்றைத் தாள். 2007-இல் டேட் அதை 49.5 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. அதற்காகப் பொதுமக்களிடம் ஆளுக்கு 5 பவுண்டு என்று 'ஒரு தூரிகைத் தீற்றலை வாங்குங்கள்' என நிதி திரட்டினார்கள். அதே மலையை வேறு நேரத்தில் வரைந்த 'சிவப்பு ரிகி' மெல்போர்னில் இருக்கிறது.

வீட்டில் தாத்தா காலத்து மலை ஓவியம் ஒன்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

வெயில் படாத, ஈரம் ஏறாத சுவருக்கு மாற்றுங்கள். பழுப்புப் புள்ளிகளைத் துடைக்காதீர்கள், ரொட்டியால் தேய்க்காதீர்கள். பின்னால் இருக்கும் மரப்பலகையும் மலிவு அட்டையும் அமிலம் கசியும். காகிதப் பாதுகாப்புத் தெரிந்தவரிடம் கொடுத்து அமிலமற்ற அட்டைக்கு மாற்றச் சொல்லுங்கள். பழைய அட்டையின் பின்பக்க எழுத்தை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஆங்கில ஓவியர் ஃபிரான்சிஸ் டவுன் தம் படங்களின் மவுண்டில் இடம், தேதி, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்றுகூட எழுதி வைத்தார். அட்டை போனால் அது எல்லாம் போய்விடும்.

முதல் தடவை படிப்பறைக்குப் போகிறேன். எதைக் கேட்பது?

பெரிய பெயருடைய, முழுதாக முடித்த படத்தைக் கேட்காதீர்கள். அது என்றாவது சுவருக்கு வரும். எழுத்துக் குறிப்போடு இருக்கும் ஒரு ஸ்கெட்ச்சையும், அதே இடத்தைப் பிறகு வண்ணத்தில் தீட்டிய தாளையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். எந்தக் கோடு தங்கியது, எது விடுபட்டது, 'சாம்பல்' என்று எழுதிய இடத்தில் அறைக்கு வந்ததும் என்ன நிறம் வந்தது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு தாள் போதும். பத்துத் தாள் கேட்டால் எடுத்து வைப்பார்கள்தான், ஆனால் ஐந்தாவதில் கண் களைத்துவிடும். பென்சிலைச் சீவி எடுத்துப் போங்கள், அங்கே சீவ விட மாட்டார்கள்.